சட்டி தட்டுகிற பையனுக்கு எந்த வகுப்பு?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது, மகளுக்குப் பத்து மாதம். நானும் வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, பகலில் மாமியார்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். சின்ன வயதிலேயே இசை பழக்கினால் மூளை வளரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து ஒரு பொம்மை பியானோ வாங்கிக் கொடுத்தேன். பட்டனை அமுக்கி, அதுவே பாடுவதைக் கேட்டுவிட்டு மகன் எழுந்து போய்விடுகிறான். ஆனால் சமையலறைக்கு வந்தால் சட்டியைத் தட்டித் தட்டியே என் உயிரை எடுக்கிறான். நான் பாடினால் கூடப் பாடுவதில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கும் குரல் கிடையாது. தோட்டத்தில் என் பாட்டி பாடிய தாலாட்டில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. ஆங்கிலப் பாட்டுப் போடு என்கிறார் வீட்டுக்காரர், தமிழ்தான் வேண்டும் என்கிறார் மாமியார். பக்கத்துப் பேரங்காடியில் இசை வகுப்புக்கு மாதம் 280 வெள்ளி கேட்கிறார்கள், சேர்க்கலாமா? இன்னொன்று, தைப்பூசத்துக்கு மகளையும் பத்துமலைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா, உறுமிச் சத்தம் குழந்தைக்கு ஆகுமா?
- செந்தூல் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம், சட்டியைத் தட்டித் தட்டி உயிரை எடுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 280 வெள்ளி கட்டி அவனை வகுப்பில் சேர்த்தால் முதல் மாதம் என்ன நடக்கும் தெரியுமா? என்னைப் போல ஒருத்தி தரையில் உட்கார்ந்துகொண்டு, சட்டி மாதிரி ஏதோ ஒன்றை அவன் முன்னால் கவிழ்த்து வைத்து, 'தட்டு கண்ணா' என்பாள். அதை அவன் இப்போதே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறான், நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கும் மேலாக பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் தாளமும் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். ஆகவே வகுப்பு வேண்டாம் என்று எழுதுவது என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிற வேலை. இருந்தாலும் சொல்கிறேன், இந்த வருடம் அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அதற்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. 1993இல் நேச்சர் ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தை ஒன்றுகூட அதில் கிடையாது. பத்து நிமிடம் மோசார்ட் இசை கேட்டபின், மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான கேள்விகளுக்கு அவர்கள் கொஞ்சம் நன்றாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை வைத்து 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். மூளை வளரும், கணக்கு வரும் என்று இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பதெல்லாம் அதன் பேரன் பேத்திகள். கணக்கு வருவதற்காக யாரும் பாட வேண்டாம். பிள்ளையோடு பாடினால் அழுகை சீக்கிரம் அடங்கும், காது கூர்மையாகும், முறை வைத்து விளையாடப் பழகும், வீட்டில் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். இவ்வளவு போதாதா?

பொம்மை பியானோ ஏன் சலித்துப்போனது என்று யோசித்தீர்களா? அது அவனுக்காகக் காத்திருக்காது. பட்டனை அமுக்கினால் முழுப் பாட்டையும் தானே பாடி முடித்துவிடும், பையனுக்கு அதில் வேலையே இல்லை. யூடியூப்பும் அப்படித்தான். சட்டி அப்படியில்லை, இவன் தட்டினால்தான் பேசும், நிறுத்தினால் சும்மா இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமா?

நாளைக்குச் சாயங்காலம் நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அவன் வருவான், சட்டியைக் கவிழ்ப்பான், அகப்பையை எடுத்துத் தட்டுவான். 'போதும்டா' என்று வாய்வரைக்கும் வரும், விழுங்கிவிடுங்கள். டம் டம் டம் என்று தட்டிவிட்டு ஒரு நொடி மூச்சு வாங்குவான், எல்லாப் பிள்ளைகளும் வாங்கும். அந்த நொடியில் நீங்கள் ஒரு கரண்டியால் மேசையில் மூன்று தட்டுங்கள், அவன் தட்டிய அதே வேகம், அதே பலம். தட்டிவிட்டு நிறுத்துங்கள். பேச வேண்டாம், பாராட்ட வேண்டாம், கைதட்ட வேண்டாம், அவன் முகத்தை மட்டும் பாருங்கள். அகப்பை பாதியில் நிற்கும். உங்களைப் பார்ப்பான், மேசையைப் பார்ப்பான், மறுபடி உங்களைப் பார்ப்பான். பிறகு வேண்டுமென்றே ஒரே ஒரு தட்டு, உங்களைச் சோதிப்பதற்காக. நீங்களும் ஒன்று. உடனே அவன் ஏழெட்டுத் தட்டுவான், நீங்களும் திருப்பித் தட்டுவீர்கள், எண்ணிக்கை தப்பினால் பரவாயில்லை. இருவரும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். இது இரண்டு நிமிடம் நடந்தாலே அன்றைக்குப் போதும், வெங்காயமும் வெந்துவிடும்.

நிறுத்திவிட்டுக் காத்திருப்பது, தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் இதுதான். அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டமும். பிள்ளை பதில் சொல்ல இரண்டு நொடி தாமதித்தாலே நாமே சொல்லிக்கொடுத்துவிடுவோம். அதனால் வாய்த்தாளத்தில் பழகிப் பாருங்கள். த கி ட என்பது மூன்று, த க தி மி என்பது நான்கு. மிருதங்கக்காரர்கள் சொல்லும் இந்தச் சொற்கட்டு பிள்ளைகள் வாய்க்கு என்று செய்துவைத்தது மாதிரி இருக்கும். சட்டை மாட்டிவிடும்போது, 'தகிட, தகிட, தகிட, தகி...' என்று சொல்லி வாயைத் திறந்தபடியே நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். முதல் நாள் ஒன்றும் வராது, நீங்களே 'ட' போட்டு முடியுங்கள். இரண்டாம் நாளும் வராது. ஒரு வாரத்தில் ஒருநாள் அவன் 'டா!' என்று கத்துவான் பாருங்கள், கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுவான். தெரிந்த பாட்டு எதுவானாலும் அதன் வரியில் கடைசிச் சொல்லை இப்படி அவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு, பிறந்தநாள் பாட்டு எல்லாமே இதற்கு ஆகும்.

வேகத்தில் ஒரு சங்கதி உண்டு. பெரியவர்களைச் சும்மா மேசையில் தட்டச் சொன்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு தட்டுவோம், சின்னப் பிள்ளைகளின் கை இயல்பாகவே நூற்றைம்பது பக்கம் ஓடும். 'மெதுவா, மெதுவா' என்று இழுத்தால் தாளம் அவனுக்குக் கையிலிருந்து நழுவிப்போகும். அவன் நடைக்கு நீங்கள் போங்கள். நம் தாளத்துக்குச் சரியாக ஒத்துத் தட்டுவதெல்லாம் இந்த வயதில் எதிர்பார்க்கக் கூடாது, இரண்டு தட்டு சேர்ந்தால் நான்கு தட்டு விலகும், அப்படித்தான்.

குரல் கிடையாது என்கிறீர்கள். இதை எழுதாத அம்மாவை நான் இன்னும் பார்க்கவில்லை, மேடையில் கச்சேரி செய்கிற ஒருவரைத் தவிர. அவரோ தன் பிள்ளைக்குப் பாட நேரமில்லை என்றார். மொன்றியாலில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆறிலிருந்து ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத துருக்கிய மொழியில் ஒரு பாட்டையும் சாதாரணப் பேச்சையும் கேட்கவைத்து, எவ்வளவு நேரம் அழாமல் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். பேச்சுக்கு நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை, பாட்டுக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம் தாங்கினார்கள். ஒன்பது நிமிடத்தில் நீங்கள் சோறு வடித்து ரசமும் தாளித்துவிடலாம். அங்கே வேலை செய்தது பாட்டின் சீரான நடை, திரும்பத் திரும்ப வருவது. அது உங்களாலும் முடியும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, சுதி விலகினாலும் பரவாயில்லை, கேட்பவருக்குப் பத்து மாதம்தான் ஆகிறது, நாளைக்கும் இதே பாட்டைத்தான் கேட்பார்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். கூச்சப்படுகிற அம்மாக்கள் அடிக்குரலில் முணுமுணுப்பார்கள், அந்த அளவு கீழே பிள்ளைக்குக் குரல் வராது. சின்னப் பிள்ளை சௌகரியமாகப் பாடுகிற இடம் ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில், அதாவது நடுவில் இருக்கிற ஸ ரி க ம வரிசையில், இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டைவரை, வெறும் ஐந்து வெள்ளைக் கட்டைதான். கட்டை எல்லாம் தெரியாது என்றால், தெருமுனையில் போகிற அவனை மாடியிலிருந்து கூப்பிடுவதுபோல ஒரு தடவை 'வா...டா...' என்று கூப்பிட்டுப் பாருங்கள், அந்த உயரம் சரி. அப்பாக்கள் கஷ்டப்பட்டுக் குரலை ஏற்ற வேண்டாம், பிள்ளைகள் தானாக ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்ளப் பழகுவார்கள்.

மகன் கூடப் பாடாமல் வாயைப் பார்க்கிறானா? பார்க்கட்டும், அது வேலை நடக்கிறதற்கு அடையாளம். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை நான்கு மாதம் வாயே திறக்கவில்லை, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்குப் பணம் வீணாகிறதே என்ற கவலை, எனக்கோ வெட்கம். பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குப் போகிற வழியில் காரின் பின்சீட்டில் கரடிப் பொம்மையை உட்காரவைத்து, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் பார்க்கிற மாதிரியே அதை முறைத்துப் பார்த்து, முழு வகுப்பையும் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. பல பிள்ளைகள் இப்படித்தான், முதலில் தனியாகப் பாடும், குளிக்கும்போது, தூங்கப்போகும்போது. அப்போது கதவோரம் நின்று கேளுங்கள், போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். பிடித்தால் பாட்டு நின்றுவிடும்.

மகளுக்கு வருகிறேன். பத்து மாதத்துக்குத் தாளம் உடம்பில்தான் ஏறும். எண்ணெய் தேய்க்கும்போது காலை மடக்கி நீட்டி த க தி மி சொல்லுங்கள், மடியில் நிற்கவைத்து மெதுவாகத் துள்ளவிடுங்கள். கனடாவில் 2005இல் ஏழு மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே தாளச் சத்தம்தான், எந்தத் தட்டும் அழுத்தமாக இருக்காது. அதைப் போட்டு, சில குழந்தைகளை இரண்டு இரண்டாகக் குலுக்கினார்கள், சில குழந்தைகளை மூன்று மூன்றாக. அப்புறம் அழுத்தம் சேர்த்துக் கேட்கவைத்தபோது, இரண்டில் குலுங்கியவர்கள் இரண்டையும் மூன்றில் குலுங்கியவர்கள் மூன்றையும் அதிக நேரம் கேட்டார்கள். காதுக்குத் தாளம் உடம்பு வழியாகப் போகிறது. அதே ஆய்வுக்கூடத்தின் இன்னொரு சோதனையில் பதினான்கு மாதக் குழந்தைகள், பாட்டுக்குத் தங்களோடு ஒரே தாளத்தில் குதித்த ஆள் எதையாவது கீழே தவறவிட்டால் எடுத்துக்கொடுக்க அதிகமாக முன்வந்தார்கள், தாளம் தப்பிக் குதித்த ஆளுக்கு அவ்வளவாக இல்லை. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து காலையில் வந்தால் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் ஒரு சுற்று ஆடட்டும். பாட்டு எந்த மொழியில் என்று மகள் கேட்கமாட்டாள்.

மொழி என்றதும் வீட்டுப் பஞ்சாயத்து ஞாபகம் வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் மலாயும் பாலர் பள்ளியிலேயே எப்படியும் வந்துவிடும், வீட்டில் கிடைக்காவிட்டால் நழுவிப்போவது தமிழ்தான். ஆகவே என் ஓட்டு உங்கள் மாமியாருக்கு, ஆனால் இதைக் காட்டி வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் தனக்குப் பிடித்த ஆங்கிலப் பாட்டை வாயால் பாடட்டும், போனில் போடத்தான் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று.

தமிழிலேயே தாளம் இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு விளையாட்டு உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியமே கணக்குச் சொல்கிறது. இலக்கணத்தைப் பரணில் வைத்துவிட்டு அந்த நொடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பல்' என்று சொல்லி அவன் பல்லை டக்கென்று தொடுங்கள். 'பா...ல்' என்று சொல்லி விரலைக் கன்னத்தில் நீளமாக இழுங்கள். கல், கா...ல். படம், பா...டம். மடு, மா...டு. இரண்டு நாளில் அவனே மாற்றிச் சொல்லி உங்களை ஏமாற்றுவான். நாளைக்கு எழுதப் படிக்கும்போது 'ப'வுக்கும் 'பா'வுக்கும் என்ன வித்தியாசம் என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்காது.

பாட்டி பாடியது மறந்துபோனது எனக்கும் வருத்தம்தான், ஆனால் தாலாட்டுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு, அதை வைத்து நீங்களே கட்டிவிடலாம். யார் அடித்ததால் அழுகிறாய் என்று கேட்டு, மாமனா, அத்தையா, பாட்டியா என்று உறவு முழுக்க வரிசையாக விசாரித்து, அவர்கள் ஒவ்வொருவரும் என்ன கொண்டுவருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போவதுதான் தாலாட்டு. அந்தக் காலத்தில் மாமன் வெள்ளிக் கிண்ணம் கொண்டுவருவார், உங்கள் பாட்டில் மாமா கொம்யூட்டர் ரயிலில் வரட்டும், சித்தி கிள்ளானிலிருந்து வாழைப்பழ அப்பம் வாங்கிவரட்டும். தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டுவதுதான் தாலாட்டு, வார்த்தை தீர்ந்துபோனால் வெறும் 'லுலுலு' போதும். அப்புறம் மாமியாரை விட்டுவிடாதீர்கள். பகல் முழுக்கப் பிள்ளைகள் அவர் கையில்தானே? 'அத்தை, பாடுங்க' என்று கேட்டால் 'எனக்கு என்னம்மா தெரியும்' என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள். தூக்கம் வருகிற நேரத்தில் மகளை அவர் மடியில் போட்டுவிட்டு நீங்கள் துணி மடிக்கப் போய்விடுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற பாட்டு தானாக வெளியே வரும். போனில் பதிவுசெய்ய வேண்டியது இதைத்தான்.

நீங்கள் குடியிருக்கிற இடமும் ஒரு வகுப்புத்தான். ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன், 'பேப்பர் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஊர்ந்துபோகும் பழைய பேப்பர் லோரி, தண்டவாளத்தில் கொம்யூட்டர் போகிற தடதடப்பு, நாலு மணி மழை வந்து தகரத்தில் விழுகிற சத்தம். சன்னலோரம் நின்று, 'இது யாரு?' என்று கேளுங்கள், பிறகு இருவரும் அதே மாதிரி செய்துபாருங்கள். லிப்டில் ஏறும்போது குரலை அடியிலிருந்து 'ஊ...' என்று மேலே ஏற்றிக்கொண்டே போவது, இறங்கும்போது இறக்குவது. பாடவே வராது என்கிற பிள்ளைகளுக்குப் பாடுகிற குரல் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் இந்த 'ஊ'வில்தான் முதலில் பிடிபடும். லிப்டில் கூட ஆள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், நான் செய்திருக்கிறேன், அவர்களும் சிரிப்பார்கள்.

கிலுகிலுப்பை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, சொந்த அனுபவம். என் சின்ன மகனுக்கு இரண்டரை வயதில், சாகா மரத்தடியில் பொறுக்கிய சிவப்பு விதைகளை மைலோ டின்னில் போட்டு மூடிக் கொடுத்தேன், என்ன அருமையான சத்தம்! மூடியை ஒட்டவில்லை. நான் போன் பேசி முடிப்பதற்குள் திறந்து ஒரு விதையை மூக்கில் ஏற்றிவிட்டான். இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில், இசை ஆசிரியை என்று படிவத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, எது போனது என்று கேட்ட டாக்டரிடம் தாளக் கருவி என்று சொல்லவும் முடியாமல் நின்றேன். அதனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் மணி, விதை, பயறு எதுவும் வேண்டாம். செய்துதான் ஆக வேண்டும் என்றால் மூடியைச் சுற்றி நாடாவை நான்கு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முழுச் சிவப்பாக இருப்பது சாகா. கறுப்புப் புள்ளியோடு இருக்கிற குன்றிமணி வேறு, அது கொடிய விஷம், வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. சட்டியும் அகப்பையும் பாதுகாப்பு, விழுங்க முடியாது.

தைப்பூசத்துக்குப் போங்கள், ஆனால் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் பத்து மாதக் குழந்தை வேண்டாம். பெரியவர்களுக்கே 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் எல்லை, சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். கருவி எதுவும் இல்லாமல் அளக்க ஒரு வழி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற வீட்டுக்காரரிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தைக்கு ஆகாது. பஞ்சு வைப்பதெல்லாம் உதவாது, காதை முழுக்க மூடுகிற குழந்தைகளுக்கான காதுறை வாங்குங்கள், ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காதீர்கள். ஜாலான் ஈப்போவில் ரதம் போகும்போது தள்ளி நின்று காட்டுவது இன்னும் நல்லது. மகன் கொஞ்சம் பெரியவன், அவனுக்கும் காதுறை மாட்டி, உறுமிக்காரரின் கையைக் காட்டுங்கள், ஒரு பக்கம் குச்சியால் அடிப்பார், மறுபக்கம் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார், அந்த முனகல் அங்கேதான் பிறக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பலூனை ஊதிக் கட்டி, ஈர விரலால் நீங்களே தேய்த்துக் காட்டுங்கள். உர்ர்ர் என்று அதே முனகல் வரும். முடிந்ததும் பலூனை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள், உடைந்த துண்டு தொண்டையை அடைக்கும்.

வகுப்பு எப்போது? சங்கீதமோ கீபோர்டோ, ஆறு ஏழு வயதில் அவனே கேட்டால் போதும், கிரேடு பரீட்சைக்கு அவசரமே இல்லை. அதற்கு முன்னால் ஆசையாக இருந்தால், அம்மாவும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து ஆடுகிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள், கண்ணாடிக்கு வெளியே காத்திருக்கச் சொல்கிற இடம் வேண்டாம். ஒரு நாள் போய்ப் பாருங்கள், ஆசிரியர் நிறுத்திவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறாரா, இல்லை உங்கள் பொம்மை பியானோ மாதிரி தானே பாடி முடித்துவிடுகிறாரா என்று. பொம்மையையும் தூக்கிப் போட வேண்டாம், தானாகப் பாடும் பட்டனை நாடா ஒட்டி மறைத்துவிட்டு இரண்டே இரண்டு கட்டையில் சட்டி விளையாட்டை விளையாடலாம்.

மகள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, சத்தம் கேட்டும் கண் போகவில்லை, மழலைப் பேச்சு வரவில்லை என்று தோன்றினால் மட்டும் பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசு சுகாதார நிலையத்தில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கீழ்மாடியில் ஆள் இருப்பார்களே, அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், நானும் பிளாட்டில்தான் இருந்தேன். சட்டிக்கு அடியில் பழைய துண்டை நான்காக மடித்துப் போடுங்கள், அகப்பை மரமாக இருக்கட்டும், எட்டு மணிக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் பையனையும் கூட்டிக்கொண்டு கீழே போய், கொஞ்சம் முறுக்கைக் கொடுத்து, 'மக்சிக் (அத்தை), மேலே தட்டுகிறவன் இவன்தான்' என்று அறிமுகம் செய்துவிடுங்கள்.